வெள்ளைக்காரம்மா கேட்ட தண்ணீர்

வேடசந்தூர் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் சிறுசுகளுக்குப் பல்லில் கறை, பெருசுகளுக்கு முட்டியில் வலி. போர் தண்ணீர்தான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஐரோப்பாவிலிருந்து ஒரு குழு வந்தது.

“ஏழை நாடுகளுக்கு நல்ல தண்ணீர் கிடைக்கச் செய்வது எங்கள் கடமை” என்றார் குழுத் தலைவி. அந்த ஊர்க்காரி கண்ணம்மாளிடம் ஒரு குப்பியை நீட்டி, குடிக்கிற தண்ணீர் கொஞ்சம் கேட்டார். சோதித்துப் பார்த்துவிட்டுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டித் தருவார்களாம்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஊராட்சித் தலைவர் ராயப்பராஜ் படித்தார்.

‘உங்கள் ஊர்த் தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. எங்கள் உதவி வேறு ஊருக்குப் போகிறது. வாழ்த்துகள்.’

ராயப்பராஜ் நேராகக் கண்ணம்மாள் வீட்டுக்குப் போனார்.

“ஏத்தா, அன்னைக்கு எந்தத் தண்ணியக் குடுத்த?”

கண்ணம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள்.

“கடையில கேன் தண்ணி வாங்கிக் குடுத்தேன்.”

“எதுக்கு?”

“என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து, வாய்விட்டுத் தண்ணி கேக்குறாங்க. நாம குடிக்கிற கருமத்தையா குடுக்கச் சொல்றீங்க?”

ராயப்பராஜ் கையிலிருந்த கடிதத்தை மடித்தார்.

கண்ணம்மாளே தொடர்ந்தாள். “அதையும் அந்தம்மா ஒரு மடக்குக் குடிக்காம, பையில வச்சுக்கிட்டுப் போயிருச்சு.”