வேண்டாம் என்ற ஊசி

பிஷ்கெக் மருத்துவமனையில், கூன் விழுந்த பதின்மூன்று வயதுப் பெண் முதுகு ஆபரேஷனுக்காக மயக்கத்தில் கிடந்தாள். தலையில் கொடுக்கும் மின்துடிப்பு, காலில் குத்திய ஊசி வழியே திரையில் அலையாக எழுந்தால்தான் தண்டுவடம் நலம். டெக்னீஷியன் சினாராவின் திரையிலோ வெறும் கோடு.

"அலை வராம நான் கத்தியைத் தொட மாட்டேன். புள்ளைக்குக் கால் போயிடும்" என்றார் சர்ஜன் பக்கித்.

சினாரா ஜெர்மன் ஊசியைப் பிடுங்கிவிட்டு ஜப்பான் ஊசியைக் குத்தினாள். கோடு அசையவில்லை.

மயக்க மருத்துவர் நூர்தீன் தயங்கினார். "என் மச்சான் விக்கிற ஊசி அலமாரியில இருக்கு. ஆனா வேணாம்பா, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

"பேசட்டுமே! எடுத்துட்டு வாங்கண்ணே!" என்றார் பக்கித்.

தேடிப்பிடித்து, இருபது நிமிடம் கழித்துக் கொண்டுவந்தார். குத்தியதும் அலை துள்ளியது.

"இனிமே எல்லா ஆபரேஷனுக்கும் இதுதான்!" என்றார் பக்கித்.

ஆபரேஷன் முடிந்து, பெண் கண் விழித்துக் கால்களை அசைத்த பிறகு, சினாரா மயக்கக் குறிப்பேட்டைப் புரட்டினாள். தசையை முக்கால் மணி நேரம் முடக்கி, எந்த ஊசியிலும் அலை எழாமல் செய்யும் மருந்தை நூர்தீன் ஒன்பது மணிக்கு ஏற்றியிருந்தார். மச்சான் ஊசி வந்தது ஒன்பதே முக்காலுக்கு.

அலமாரி பக்கத்து அறையில்தான் இருந்தது.