சின்ன கியர்

"உன் தம்பிதான், வேற யாரு? நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ஜீப்பை எடுத்துட்டுப் போய் நாசம் பண்ணிட்டான்!"

ஜீப்புக்கு அடியிலிருந்து பெரியண்ணனின் குரல் மட்டும் வந்தது. அவன் மனைவி விஜயராணி டார்ச்சைப் பிடித்தபடி சிமெண்ட் களத்தில் குந்தியிருந்தாள்.

"ரஞ்சித் தொடவே இல்லைங்கிறானேங்க."

"எடுத்தவன் ஒத்துக்குவானா?"

பாம்பு கடித்து நினைவில்லாமல் திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தவன், ஆம்புலன்ஸ்காரர் புண்ணியத்தில் பிழைத்து வையம்பட்டிக்குத் திரும்பியிருந்தான். வந்ததும் ஜீப்பை எடுத்தால், வளைத்துத் திருப்பும்போதெல்லாம் அடியில் 'டொக்'கென்று சத்தம். அப்போதிருந்து மச்சினன் ரஞ்சித் மேல் சந்தேகம். மறுபிறவி எடுத்தவனுக்கு வேறு வேலை இல்லை.

சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிட்டு அடியில் படுத்திருந்தவன், சக்கரங்களைச் சுழற்றும் ஷாப்டைக் கையால் ஆட்டிப் பார்த்தான். ஆட்டமில்லை. போல்ட்டுகளை ஸ்பானர் போட்டு முறுக்கினான். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன.

"எங்கேயோ சேத்துல இறக்கியிருக்கான். சக்கரமெல்லாம் மண்ணு. சீட்டு வேற முன்னாடி தள்ளிக் கிடந்துச்சு. குள்ளப் பய!"

விஜயராணி டார்ச்சைச் சக்கரத்திலிருந்து விலக்கினாள்.

வெளியே வந்தவன் கிரீஸ் கையோடு போனை எடுத்தான். "இனிமே அவன் இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது. இப்பவே சொல்லிடறேன்."

அப்பா அம்மா போனபின் பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருப்பது ரஞ்சித் ஒருவன்தான்.

"இருங்க, போன் போடாதீங்க."

கற்களை எடுத்துப் போட்டாள். விறுவிறுவென்று போய் ஓட்டுநர் சீட்டில் ஏறி, அதை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஏய், இறங்கு! கியர் வண்டி உனக்கெல்லாம் சரிப்படாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

ஜீப் உறுமியது. கொஞ்சம் பின்னால் எடுத்தாள். பெரிய கியருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன கியர் உண்டு. வாங்கிய நாளிலிருந்து பெரியண்ணன் அதைத் தொட்டதே இல்லை. அதைப் பிடித்துத் தள்ளிவிட்டு, களத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். சத்தமில்லை. இன்னொரு சுற்று. ம்ஹூம்.

பெரியண்ணன் வாயைப் பிளந்தான்.

"இந்தச் சின்ன கியரு, நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரியே கிடந்துச்சுங்க. சேத்துக்கு அது சரி, காஞ்ச தரையில திருப்பினா இப்படித்தான் இடிக்கும். திரும்பி வந்து எடுத்துவிட மறந்துட்டேன்."

"நீ... ஓட்டினியா? யாரு சொல்லிக் கொடுத்தா?"

"ரஞ்சித்துதான், அவனோட லோடு வண்டியில. உங்களுக்குத் தெரிஞ்சா திட்டுவீங்கன்னு சொல்லலை."

"அப்படி என்ன அவசரம்னு என் ஜீப்பைச் சேத்துல இறக்கின?"

விஜயராணி இன்ஜினை அணைத்தாள்.

"மழையில நம்ம பாதைக்குள்ள வர முடியாம ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டுலயே நின்னுடுச்சுங்க. பின்சீட்டுல நீங்க வாயில நுரையோட கிடந்தீங்க."