நோன்பு முடிக்காத கடிகாரம்

"ஜவாத்! நோன்பும் முடிஞ்சுது, பெருநாளும் போச்சு. உன் மெஷின் மட்டும் இன்னும் நோன்பு பிடிக்குதா?"

மேலாளர் ஹாஜி தாமி போட்ட சத்தத்தில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

வாசலில் விரல் வைத்து வருகையைப் பதியும் கம்ப்யூட்டர் ஒன்பதரை என்றது. சுவர்க் கடிகாரத்தில் பத்தரை.

நோன்பு மாதத்துக்காக ஒரு மணி நேரம் பின்னுக்கு இழுத்த கடிகாரத்தை நேற்று, ஞாயிற்றுக்கிழமை, மொராக்கோ முழுக்க முன்னுக்குத் தள்ளியாகிவிட்டது. இந்த ஒன்று மட்டும் பழைய நேரத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"சனிக்கிழமைதான் ஹாஜியார் எல்லா கம்ப்யூட்டருக்கும் புது சிஸ்டம் போட்டேன். நேத்து சாயங்காலம்கூட வீட்டுலேருந்து பார்த்தேன். நேரம் சரியா மாறியிருந்துச்சு. சத்தியமா!"

"அப்ப நான் பொய் சொல்றேனா? இந்த லட்சணத்துல அப்கிரேடு வேற! கஸாப்ளாங்காவுலேருந்து ரெண்டு தடவ போன் வந்தாச்சு. பன்னெண்டு மணிக்குள்ள காரணம் சொல்லணும். இல்லேன்னா உன் சீட்டைக் கிழிச்சிடுவாங்க, ஆமா!"

கஸாப்ளாங்காவில் இருப்பது தலைமை அலுவலகம். மூன்று முறை தாமதமாக வந்தால் வேலை காலி என்று சட்டம் போட்ட மகராசர்கள். வருகைப் பதிவு என்றால் அவர்களுக்கு உயிர்.

எட்டு மாதம் வேலையில்லாமல் காபிக் கடையில் நாற்காலி தேய்த்த பிறகு, தான்ஜியர் நகரின் இந்தத் தையல் கம்பெனியில் ஜவாத்துக்குக் கிடைத்த கம்ப்யூட்டர் வேலை. சோதனைக் காலம் முடிய இன்னும் நான்கே நாள்.

"அப்கிரேடுன்னா முன்னாடி போகணும் தம்பி. நீ எங்கள பின்னாடி கூட்டிட்டுப் போயிட்டியே!" என்றார் கணக்குப் பிரிவுக்காரர். சிரிக்க ஆளா இல்லை?

ஜவாத் மெஷினை அணைத்துப் போட்டான். அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் சரி. சரியாக இருந்ததுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

பதினொன்றரைக்குத்தான், யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவைப் பார்க்கத் தோன்றியது.

'காலை 9.05. நேரம் கையால் மாற்றப்பட்டது. மாற்றியவர்: ஹாஜி தாமி.'

"அடப்பாவி மனுஷா!"

ஹாஜியாரின் மச்சினன் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். அவனை உள்ளே இழுக்கத்தான் இத்தனை நாடகமா? செய்வதையும் செய்துவிட்டு, அத்தனை பேர் முன்னால் மானத்தையும் வாங்கிவிட்டாரே!

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு மாடிக்குப் பாய்ந்தான் ஜவாத். படிக்கட்டில் ஹஸ்னா மறித்தாள். ஏற்றுமதிப் பிரிவில் வேலை செய்பவள். முகம் வெளிறியிருந்தது.

"தம்பி, போதும். நான் போய் ஹாஜியார்கிட்ட உண்மையச் சொல்லிடறேன்."

"என்ன உண்மை அக்கா?"

"நீ எனக்காகத்தான் மணிய மாத்தி வெச்சேன்னு."

"நானா?"

"மறைக்காதப்பா. வீட்டுல சுவர்க் கடிகாரத்த யாருமே திருப்பி வெக்கல. என் போனும் பழசு, தானா மாறல. எட்டரை மணி வேலைக்குச் சீக்கிரமே வந்துட்டோம்னு நெனச்சு ஆடி அசைஞ்சு வந்தேன். உள்ள வந்து பார்த்தா எல்லாரும் பாதி வேலைய முடிச்சிருக்காங்க. மணி ஒம்பது இருபது! மெஷின் மட்டும் எட்டு இருபதுன்னு பதிஞ்சுது. வாயத் தொறக்காம உக்காந்துட்டேன்."

ஜவாத் கையிலிருந்த தாளில் அந்த 9.05-ஐ மறுபடி பார்த்தான்.

"புள்ளைக்குக் காய்ச்சல்னு ஏற்கெனவே ரெண்டு தடவ லேட்டு. இது மூணாவது. அதுக்காக உன் வேலை போகலாமா தம்பி?" ஹஸ்னாவுக்குக் குரல் உடைந்தது.

"நீங்க போய் வேலையப் பாருங்க அக்கா. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க. நான் பேசிக்கறேன்."

ஹாஜி தாமியின் மேஜையில் போன் அலறிக்கொண்டிருந்தது. தலைமை அலுவலக அம்மாள். ஹாஜியார் ஸ்பீக்கரில் போட்டார்.

"நேரா சொல்லுங்க ஹாஜி. மெஷின் கோளாறா, இல்ல யாராவது கை வெச்சாங்களா?"

ஹாஜியார் ஜவாத்தின் கையிலிருந்த தாளில் தன் பெயரைப் பார்த்தார்.

ஜவாத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"யாரும் கை வெக்கல மேடம். அப்கிரேடு பண்ணினப்ப ரமலான் நேரத்த எடுக்க மறந்துட்டேன். தப்பு என்னுதுதான். இப்ப சரி பண்ணிடறேன்."

மறுமுனையில் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"முதல் தடவைங்கறதால விடறேன். இனி ஒரு தடவ நடந்தா ஆள மாத்திடுவேன்."

போன் துண்டிக்கப்பட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஹாஜியார்?"

"ஒம்பது மணியாகியும் ஹஸ்னா சீட்டு காலி. உன்கிட்ட சொல்லியிருந்தா நீயும் பொய் சொல்லணுமே. அந்தப் பாவம் என்னோட போகட்டும்னு பார்த்தேன்."

"திட்டினது?"

"திட்டலேன்னா எவன் நம்புவான்?"

"என் வேலை போயிருந்தா?"

ஹாஜி தாமி போனுக்கு அடியில் இருந்த கடிதத்தை எடுத்து, கிழித்துப் போடச் சொல்லி நீட்டினார்.

தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருந்தார்: 'நேரத்தை மாற்றியது நான். ஜவாத்துக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. இத்துடன் என் ராஜினாமா.'