டொக்டர் குரலில்

"ம்க்கும்... சொக்ஸைக் கழட்டுங்கோ பிள்ளை. ரெண்டு காலும்!"

அசல் டொக்டர் குரல். ஆனால் டொக்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். சொன்னது நான். மறைப்புச் சீலைக்கு இந்தப் பக்கம், பத்தாம் வகுப்பு வரிசையில் நின்றேன்.

பள்ளிக்கூடத்தில் அன்று மெடிக்கல் பரிசோதனை. சீலைக்கு அந்தப் பக்கம், டொக்டருக்கு முன்னால் நின்ற நாலாம் வகுப்பு யதுர்ஷிகா நம்பிக் கழட்டிவிட்டாள்.

குதிக்காலுக்கு மேலே, புளியங்கொட்டை அளவில் மஞ்சள் கட்டிகள்.

"சீ, என்னடி அது!" என்று அவளுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகள் விலகின. அவள் அழத் தொடங்கினாள்.

அதிபர் ராஜரத்தினம் சேர் என்னைக் காதில் பிடித்து வெளியே இழுத்தார். பின்னாலேயே யதுர்ஷிகாவின் அம்மா, சுமித்திரா அக்கா.

"போன கிழமை குழாயடியில இவளின்ர காலைக் கண்டனியாம். 'சொல்லிப் போடாதைங்கோ அண்ணா' எண்டு பிள்ளை கெஞ்சினவளெல்லே!"

"நான் எங்கயக்கா சொன்னனான்? டொக்டரெல்லே..."

"பகிடியைப் பார்! சேர், அது வெறும் பாலுண்ணி. அம்மனுக்கு உப்பும் மிளகும் நேந்து வைச்சிருக்கிறன். இனித் தொத்து வருத்தம் எண்டு ஆர் அவளைப் பக்கத்தில இருத்துவினம்?"

அதற்குள் டொக்டரே வந்துவிட்டார்.

"அம்மா, இது பாலுண்ணி இல்லை. தொத்தவும் மாட்டுது. பரம்பரையில வாற கொலஸ்ரோல். விட்டால் இந்த வயசிலயே இருதயத்தைப் பிடிக்கும். நாளைக்கே கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. மருந்து இருக்கு. தாய் தகப்பனும் ரத்தம் சோதிக்க வேணும்."

அக்கா அப்படியே கதிரையில் இருந்துவிட்டா.

சேர் காதை விடவில்லை.

"சுஜிதன், தற்செயலா நல்லது நடந்திட்டுது எண்டு நீ தப்பேலாது. சின்னப் பிள்ளையை ஏன்ரா எல்லாருக்கும் முன்னால அழ வைச்சனி?"

"சும்மா ஒரு பகிடிக்கு, சேர்." சேரின் குரலிலேயே வந்துவிட்டது. பழக்கதோஷம்.

"உன்ர குரலில சொல்லடா!"

அது வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"நாங்கள் செட்டிகுளத்தில இருக்கேக்க அண்ணாவுக்கும் காலில இப்பிடித்தான் இருந்தது, சேர். பதினாலு வயசில, ஓட்டப் போட்டியில விழுந்தவர் எழும்பேல்லை. அவற்ற கால் விசயம் எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியில விடாதை எண்டவர். நான் வாயே திறக்கேல்லை."