முபாஷிரின் குரல்

அந்தமானுக்கு அப்பால் ஆளில்லாத் தீவு ஒன்றில், சின்னக் கப்பலில் வந்த பயணிகளைப் பறவை பார்க்க இறக்கினாள் வழிகாட்டி நவ்ரீன். காட்டு மரத்தில் கிளிக்கூட்டம் கத்தியது: “கல்மண்டபம், பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு… ஏறு, ஏறு.”

சென்னை ராயபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் அண்ணன் முபாஷிரின் குரல் அது. பயணிகள் கைதட்டினார்கள். நவ்ரீனுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. கப்பலுக்குத் திரும்பியதும் மேல்தளத்தில் நின்று வீட்டுக்கு வீடியோ கால் போட்டாள்.

“அம்மா, அண்ணன்கிட்ட போனக் குடு. ஒரு அதிசயம் சொல்லணும்.”

“காலைலேர்ந்து அவனுக்கு சத்தமே வரல நவ்ரீன். வாய் மட்டும் அசஞ்சிகினு கீது,” என்றாள் அம்மா.

திரையில் முபாஷிர் சிரித்தபடி வந்து உட்கார்ந்தான். அவன் உதடுகள் அசைந்தன.

நவ்ரீனின் முதுகுக்குப் பின்னால், தீவின் கரையிலிருந்து கேட்டது: “இன்னா நவ்ரீன், எப்போ வூட்டுக்கு வர?”