தகட்டில் இடக்கொம்பு

காளத்தி தட்டிக் கொடுக்கிற செம்புத் தகட்டில்தான் கோட்டையின் டச்சுத் துரை மாடு வரைவார். தகட்டில் மெழுகு பூசி, எதிரே நிற்கும் மாட்டைப் பார்த்து ஊசியால் கீறி, திராவகத்தில் போட்டெடுத்து, மை தடவிக் காகிதத்தில் ஒற்றுவார். ஒற்றினால் இடது வலதாகிவிடும். அது துரைக்கும் காளத்திக்கும் மட்டும் தெரியும்.

மங்காத்தாவின் பசுவைச் சிப்பாய்கள் பிடித்துப்போய் இறைச்சிக்காகக் கப்பலேற்றிவிட்டார்கள். கன்று மூன்று நாளாகப் பாலில்லாமல் கிடக்கிறது. அவள் மாடுதான் என்று ருசுவானால் இறக்கித் தருவதாகக் கப்பித்தான் ஒப்புக்கொண்டிருந்தார். ருசுவுக்கு இருந்தது, அவள் வாசலில் நின்ற பசுவைப் பார்த்துத் துரை முன்பு வரைந்த படம் ஒன்றுதான்.

"இது எஞ் செவப்பிதாஞ் சாமி. மடங்கின கொம்பப் பாருங்க."

"இடக்கொம்புன்னுதான சொன்ன? படத்துல மடங்கியிருக்கிறது வலக்கொம்பு," என்றார் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாசி. "தெனம் பால் கறந்தவளுக்குக் கொம்பு தெரியல. இவளுக்கு மாட்ட வேற எறக்கித் தரணுமாம்."

சிப்பாய்கள் சிரித்தார்கள். துரைக்குத் தமிழ் புரியாது, சுங்கான் புகைத்துக்கொண்டிருந்தார். மங்காத்தா தன் தலையின் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கைவைத்துப் பார்த்தாள்.

துபாசி அந்தப் படத்தை ஒற்றிய தகட்டைக் காளத்தியிடம் எறிந்தார். "நாளைக்குத் துரை குதிரை வரையணும். இதத் தட்டிச் சமமாக்கு."

தகட்டில் மடங்கியிருந்தது இடக்கொம்பு. கோட்டை வேலையில்தான் காளத்தி வீட்டில் உலை கொதிக்கிறது. தகட்டைப் பட்டறைக் கல்லில் குப்புறப் போட்டான். மங்காத்தா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, நீ பாத்திருப்பியே. எந்தக் கொம்புண்ணே?"

அடிக்கிற சத்தத்தில் காதில் விழவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். காளத்தி அவசரமாகச் சுத்தியலை ஓங்கினான்.