குடை போதும்

"அந்தப் பய வரட்டும். கழுத்தைத் திருகிப் பனியிலயே புதைச்சிடறேன்."

காலையிலருந்து ரெமிகியோ என் காப்பிக்கடையில நின்னு இதையேதான் கத்திக்கிட்டிருந்தான். கோவத்துல நியாயம் இருந்துச்சு. அவன் பொண்டாட்டி மிரேயா தொடை எலும்பு முறிஞ்சு, உள்ள என் கட்டில்ல கிடந்தா. முந்தின நாள் பனிச்சறுக்குல விழுந்தவ. பாதம் கறுக்க ஆரம்பிச்சிருந்துச்சு. இன்னிக்கே சாண்டியாகோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலேன்னா காலை எடுக்க வேண்டியதுதான்னு ஊர் நர்ஸ் கையை விரிச்சுட்டா.

போறதுக்கு ரோடு வேணுமே. ரோடு முழுக்க ஆள் உயரத்துக்குப் பனி. அதை வழிச்சுத் தள்ளற வண்டி எங்க மலைக்கு ஒண்ணே ஒண்ணு. அதை ஓட்டற நிவால்டோ வியாழக்கிழமை சாயங்காலமே வண்டியோட கீழ இறங்கிப் போயிட்டான்.

"புயல் வர்ற நேரமாப் பாத்து ஓடியிருக்கான் பாரு."

"அரிகாக்காரன்தானே. பாலைவனத்துல பொறந்தவன். பனியை ஐஸ் பெட்டியிலதான் பாத்திருப்பான்."

கடையில ஆளாளுக்குப் பேசினாங்க. எண்ணெயில பொரிச்ச சோபாய்பியா ரொட்டி கருகறதுகூடத் தெரியாம நானும் சேர்ந்து திட்டினேன்.

பின்ன என்னங்க? எங்க பக்கம் ஆகஸ்ட்டுதான் குளிர்காலம், அந்த வருஷம் ஆகஸ்ட் பாதி வரைக்கும் பொட்டுப் பனி இல்லை. கார்மென் மாதாவுக்கு ஊரே மெழுகுவத்தி ஏத்திட்டு, வானத்தையே பாத்துக்கிட்டுக் கிடந்தோம். கைபேசி வராத காலம். எங்க ஊர் ரேடியோக்காரன் எலிசெயோ தினம் மத்தியானம் மலை வானிலை சொல்லுவான். சாண்டியாகோ வரைக்கும் கேக்கும். அவன் பேசறப்ப என் கடையில ஒரு கரண்டி சத்தம் இருக்காது.

வியாழக்கிழமை அவன் சொல்லி முடிச்சதும் அத்தனை பேரும் மேசையைத் தட்டினாங்க. ரெமிகியோ மிரேயாவைத் தூக்கி ஒரு சுத்து சுத்தினான். பொழுது சாயறதுக்குள்ள ஊர்ல எல்லார் சறுக்குப் பலகைக்கும் மெழுகு தேய்ச்சு முடிச்சாச்சு. அன்னிக்கு ராத்திரியே கொட்டித் தீர்த்துடுச்சு.

அப்படிப்பட்ட நேரத்துலயா ஒருத்தன் பனி வண்டியை எடுத்துக்கிட்டுப் போவான்?

மத்தியானம் போல உறுமல் சத்தம் கேட்டுச்சு. பனியை ரெண்டு பக்கமும் தள்ளிக்கிட்டே அந்த மஞ்சள் வண்டி கடை வாசல்ல வந்து நின்னுச்சு. நிவால்டோ இறங்கினான். கண்ணு ரெண்டும் கோவைப்பழமாச் சிவந்திருந்துச்சு.

"அக்கா, யாருக்கோ அடிபட்டிருக்காம், கீழ போன் வந்துச்சு. ரோடு திறந்துட்டேன். என் பின்னாலயே வரச் சொல்லுங்க."

நாலு பேர் மிரேயாவை ஜமுக்காளத்தோட தூக்கிட்டு வந்து வேன்ல ஏத்தினாங்க. அதுக்குள்ள ரெமிகியோ நிவால்டோ சட்டையைப் பிடிச்சுட்டான்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?"

"கீழ சுரங்க ரோட்டுல பாறை உருண்டு கிடந்துச்சுண்ணே. தள்ளிவிடக் கூப்பிட்டாங்க."

"புயல் வருதுன்னு தெரிஞ்சே போனியா?"

"தெரியாதுண்ணே."

"தெரியாதா? இந்த ஊர்ப் பச்சப்புள்ளைக்குத் தெரியும், உனக்குத் தெரியாதா?"

"மூணு வேளையும் என் கடையில உக்காந்து திங்க மட்டும் தெரியுதில்ல"ன்னு நானும் என் பங்குக்குக் கொடுத்தேன்.

"காது செவிடாடா உனக்கு? ரேடியோ கேக்கவே மாட்டியா?" ரெமிகியோ அவனைப் பிடிச்சு உலுக்கினான்.

"கேட்டேண்ணே. வண்டி ரேடியோவுல கேட்டுட்டுத்தான் போனேன்." நிவால்டோ திரும்பி, கூட்டத்துல நின்ன எலிசெயோ பக்கம் கையைக் காட்டினான். "இவருதான் சொன்னாரு. 'மலையில லேசான தூறல், குடை போதும்'னு."

எலிசெயோ குனிஞ்சு தன் பூட்ஸையே பாத்துக்கிட்டிருந்தான்.

குடை போதும். சாண்டியாகோக்காரங்க கார் காரா வந்து இறங்கி எங்க புதுப்பனியை எங்களுக்கு முன்னாடி மிதிச்சுடக் கூடாதுன்னு, ரெமிகியோ கண்டுபிடிச்சுக் கொடுத்த வார்த்தை அது. எலிசெயோ குடைன்னு சொன்னா ஆள் உயரப் பனின்னு அர்த்தம். அவங்க தூறல்னு நம்பி வீட்டுலயே இருந்துடுவாங்க. நாங்க பலகைக்கு மெழுகு தேய்ப்போம். வருஷா வருஷம் இதேதான்.

ஊர்ல எல்லாருக்கும் தெரியும். இந்தக் குளிர்காலத்துலதான் புதுசா வேலைக்கு வந்த நிவால்டோவுக்கு மட்டும் யாரும் சொல்லலை. வெளியூர்க்காரன், வாய் தவறிக் கீழ போய் உளறிட்டான்னா?

ரெமிகியோ பிடி இன்னும் தளரலை.

"ரேடியோவுல சொன்னா? வானத்தை அண்ணாந்து பாக்கத் தெரியாதா உனக்கு? இவளுக்குக் கால் போச்சுன்னா நீயாடா பதில் சொல்லுவ?"

வேனுக்குள்ளருந்து மிரேயா குரல் வந்துச்சு. வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் பேசினா, ஆனா ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக் கேட்டுச்சு.

"அவனை விடுய்யா, வண்டியை எடுக்கட்டும். கால் போச்சுன்னா ஊணி நடக்க எனக்கு உன் குடை போதும்."